கல்யாண மண்டபத்துக்கும் குளிர்பெட்டிக்கும் ஒரே கிளாஸ்

வெப்சைட் கட்டுகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: வேலை ஒழுங்காக நடந்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு வரி தவறினால் துபாயில் இருக்கிற மச்சான் வரைக்கும் தெரிந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் நானும் ஷீபாவும் எதிரெதிரே உட்கார்ந்து இதைத்தான் தொழிலாகச் செய்கிறோம். இதே பாவத்தைச் செய்கிற சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

பெண் கேட்டுப் போனது

ஆஷாவும் நானும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். அவளுக்குச் சம்மதம், எங்கள் வீட்டில் சம்மதம், மிச்சம் அவளுடைய அப்பா மட்டும். நெய்யூர் பக்கம் சிமெண்ட் பிளாக் அடிக்கிற களம் வைத்திருக்கிறார். "என்ன சோலி பாக்குத?" என்று கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி ஆரம்பித்தேன். ஒரு வெப்சைட்டை மொத்தமாக எழுத மாட்டோம், பட்டன், படம், ஃபாரம் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாகச் செய்வோம், ஒவ்வொரு துண்டுக்கும் கிளாஸ் என்று ஒன்று எழுதி வைத்தால் அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆஷா கதவுக்குப் பின்னால் நின்று, நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியபோது காலம் கடந்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்லாத்த சோலிய நம்பி எனக்க பிள்ளயத் தர முடியாது. நீ செய்த ஒண்ண ஊருல நாலு பேரு உபயோகிக்கட்டும், அன்னைக்கு வா."

கனம் போதாது

கடவுள் என்று ஒருவர் இருக்கிறார். அடுத்த மாதமே சுசீந்திரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் தாணு அண்ணன் வந்தார். மண்டபத்தில் நடக்கப்போகிற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வெப்சைட்டில் ஒரு அட்டை வேண்டும்: ஜோடியின் படம், பெயர், நிச்சயத் தேதி, திருமணத் தேதி. நான் சந்தோஷத்தில், "அண்ணே, ரொம்ப லேசான ஃபிரேம்வொர்க்குல, அதாவது வெப்சைட்டத் தாங்குக சட்டத்துல, செய்யுதேன். பஸ்ஸுல சிக்னல் கொறஞ்ச இடத்துலகூடப் பட்டுனு திறக்கும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. லேசானது என்றால் மட்டமானது என்று முடிவு கட்டிவிட்டார். நானும் அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "அதெல்லாம் சரி வேய், நமக்குக் கனமானதா ஒண்ணு போடும். வாற மாப்பிள்ள வீட்டுக்காரன் நம்மள இல்லாதப்பட்டவன்னு நெனச்சிரப்பிடாது."

குளிர்பெட்டி

லேசானதையே போட்டுக் கனமானது என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாக ஓடியது. ஆஷாவின் அப்பா தன் போனில் திறந்து பார்த்து, வாக்குக் கொடுத்தபடி நிச்சயம் செய்தார். தை மாதம் கல்யாணம், அதே மண்டபம். எங்கள் படமும் அட்டையில் ஏறியது.

அந்த நேரத்தில்தான் இராஜாக்கமங்கலத்திலிருந்து சேவியர் அண்ணன் வந்தார். இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். பிள்ளைகளெல்லாம் கல்ஃபில் இருப்பதால் மரண அறிவிப்பு போனில் தெரிய வேண்டும் என்றார். படம், பெயர், இரண்டு தேதி. நானும் ஷீபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாண அட்டையேதான்! இதற்குத்தானே கிளாஸ். இரண்டு வெப்சைட்டுக்கும் பொதுவாக 'அறிவிப்பு' என்று ஒரு தாய் கிளாஸ், அதற்குக் கல்யாணம், மரணம் என்று இரண்டு பிள்ளைகள். ஒரே நாளில் வேலை முடிந்தது. சேவியர் அண்ணனுக்குப் பரம திருப்தி, ஒரே ஒரு குறை. "படத்துக்கு ரெண்டு பக்கமும் வெளக்கு எரியணும் கேட்டியா. நம்ம பெட்டி மாதிரி கரண்டு போனா நிக்கப்பிடாது."

தாய்க்கு வந்தது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து போன். ஒரு வீட்டில் துக்கம், மஸ்கட்டில் இருக்கும் மகன்மார் காத்திருக்கிறார்கள், கறுப்புக் கரையும் விளக்கும் உடனே வேண்டும், தேதிகளுக்கு மேல் 'தோற்றம்', 'மறைவு' என்றும் வர வேண்டும். அதை மரணம் என்ற பிள்ளையில்தான் எழுத வேண்டும். நான் அவசரத்தில் தாயில் எழுதினேன். தாயில் எழுதினால் எல்லாப் பிள்ளைக்கும் போகும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம், அதையும் ஊருக்கெல்லாம் விளக்குகிற கூறுகெட்ட பேயன் நான்தான். சேவியர் அண்ணனின் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். விளக்கு அழகாக எரிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சுசீந்திரம் மண்டபத்தின் வெப்சைட்டில் அத்தனை ஜோடிகளும் கறுப்புக் கரைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் விளக்கு. நிச்சயத் தேதிக்கு மேல் தோற்றம், திருமணத் தேதிக்கு மேல் மறைவு. முதல் ஜோடி நானும் ஆஷாவும். தாணு அண்ணன் போனில் கத்தவே இல்லை. "வேய், நீரு போட்டது உண்மையாவே இருக்கட்டும். அத தாலி கட்டுகதுக்கு முந்தியே மாப்பிள்ளமாருக்குச் சொல்லணுமா?"

களத்தில்

பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் வருங்கால மாமனார் அதற்குள் பார்த்துவிட்டார். அவர் மட்டுமல்ல, மருமகனின் திறமையைக் காட்டுவதற்காகத் தினமும் காலையில் அதைத் தன் வேலையாட்களுக்கும் திறந்து காட்டுவது அவர் வழக்கமாம், அவர்களும் பார்த்தாயிற்று. ஆஷா போன் செய்தாள். "அப்பா உன்னக் களத்துக்கு வரச் சொன்னாவ. ஏசவே இல்ல, அதான் பயமா இருக்கு."

பஸ்ஸில் போகும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவளை இழந்துவிட்டால், அதுவும் ஒரு வரியால் இழந்துவிட்டால், யாரிடம் போய்ச் சொல்ல? களத்தில் பிளாக் அடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். கம்ப்யூட்டர் கோளாறு, வைரஸ் என்று எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. ஒன்றில் மாற்ற வேண்டியதை எல்லாவற்றுக்கும் பொதுவானதில் மாற்றிவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அச்சையா மாத்தின?" என்றார். ஆமாம் என்றேன். "மாத்திட்டுக் கல்லு அடிச்சுப் பாத்தியா?" ஒரே ஒரு கல் பார்த்தேன், மற்றதைப் பார்க்கவில்லை என்றேன். அவர் தன் வீட்டு மதிலைக் காட்டினார். கீழ் வரிசைகளில் ஒவ்வொரு கல்லும் ஒரே பக்கமாகக் கோணியிருந்தது. புது அச்சில் முதல் கல்லை மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு லோடு அடித்தாராம், வாங்க ஆளில்லாமல் சொந்த மதிலுக்கே வைத்தாராம். பிறகு என் தோளில் கையை வைத்தார், சட்டையெல்லாம் சிமெண்ட். "உனக்க சோலி என்னன்னு இன்னைக்குத்தான் மக்கா வெளங்கிச்சு. கல்யாணம் சொன்ன தேதியில நடக்கும். பத்திரிகைய மட்டும் நான் பிரஸ்ஸுல குடுத்து அடிச்சுக்கிடுதேன், நீ அதுல கை வைக்காத."

'மறைவு' என்று நான் போட்ட அதே தை மாதத் தேதியில் எனக்குக் கல்யாணம் நடந்து முடிந்தது, தாணு அண்ணன் சொன்னது உண்மையா இல்லையா என்பதை ஆஷா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இப்போதைக்கு எழுத வழியில்லை.