நின்ற நிலையில் ஓர் ஆண்

மனித உடம்பு வரைகிறவனுக்குப் பென்சிலும் காகிதமும் எந்தக் கடையிலும் கிடைக்கும், உடம்புதான் கிடைக்காது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன வருஷம் சென்னையில் ஓர் ஓவியக் காட்சிக்கு, மேல்துணி இல்லாமல் நிற்கும் ஆண் உருவம் ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். காஞ்சிபுரத்தில் வெற்றுடம்போடு நடமாடும் ஆண்களுக்கா பஞ்சம் என்ற தைரியம்தான்.

சட்டை

முதலில் எங்கள் தெரு டீக்கடைக்காரரைக் கேட்டேன். நாள் முழுக்க அடுப்படியில் வெறும் உடம்போடு நிற்கிறவர். சரி என்றார். சொன்ன நேரத்துக்குப் பவுடர் பூசி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையில் வந்து நின்றார். கழற்றச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"சட்டை இல்லாம பாக்கணும்னா கடைக்கு வாப்பா, தெனம் நிக்கிறேன். படம்னா நாலு பேரு பாப்பாங்க இல்ல?"

பாதி ஆள்

அடுத்து, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குமரேசன். நிற்கச் சொன்னால் அவருக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. சரி, தறியிலேயே உட்காருங்கள் என்று பின்னாலிருந்து வரைந்தேன். முதுகு அருமையாக வந்தது. கால் இரண்டும் தறிக்குழிக்குள். பாதி ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் மனைவி செல்வி மட்டும் படத்தை விட்டு நகரவில்லை.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து மூஞ்சியப் பாத்து சண்ட போட்டுக்கினே இருந்துட்டேன். முதுகு இவ்ளோ நல்லா இருக்குதுன்னு யாருமே சொல்லலியே."

தோள்

கடைசியில் வரதன் தானாகவே வந்தார். பெருமாள் கோயிலில் இளவயதிலிருந்து பல்லக்குத் தூக்குகிறவர். முட்டி தேய்ந்துவிட்டது, இனித் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நிறுத்துவதற்கு முன்னால் தன்னை ஒரு படம் வரைய வேண்டும் என்றார். நான் கேட்காமலே துண்டை எடுத்து வைத்துவிட்டு, ஆடாமல் அசையாமல் நின்றார். வலது தோளில் மட்டும், பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி, எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. படத்தில் பார்த்தால் மனிதருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நானே அதைச் சமப்படுத்திவிட்டேன்.

முடிந்ததும் அவர் படத்திலிருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் படத்தின் தோளுக்குப் போய் விரலால் தடவினார்.

"பெருமாள் உக்காந்த எடம்பா அது. தூக்கறத விட்டா கொஞ்ச நாள்ல தானா அமுங்கிடும். அதுக்குள்ள நீயே அழிச்சிட்டியே?"

அவருக்கு ஒன்றும் காட்சிக்கு ஒன்றுமாக உள்ளபடியே மறுபடி வரைந்தேன். சென்னையில் பார்த்தவர்கள் எல்லாம் தோளில்தான் பிசகு என்றார்கள், சரியாக வரைந்ததற்கு இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நம் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.