ஐந்தாம் முறை மலாக்கா

என் கணவர் மலாக்காவை நான்கு முறை பறிகொடுத்தவர். நான்கு முறையும் அதே மலாக்காவில், பாச்சாங் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில், கைலியைக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடிதான் பறிகொடுத்தார். ஐந்தாவது முறை நானும் கூட இருந்தேன். அதைத்தான் எழுத நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அதனால் துணிச்சல்.

அவர் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓய்வு பெற்றபோது உடன் வேலை செய்தவர்கள் அவருடைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். திரை முழுக்க உலக வரைபடம். நாட்டுக்கு ஒரு நிறம். நமக்குப் பிடித்த நாட்டை எடுத்துக்கொண்டு, பழைய ராஜாக்கள் காலத்தில் ஆரம்பித்து, நானூறு வருடம் போல ஆளவேண்டும். வருடமெல்லாம் நிமிடக் கணக்கில் ஓடும். பாடப்புத்தகத்தில் நடந்ததுதான் இதிலும் நடக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அங்கே அழிந்த நாடு இங்கே பிழைத்துக்கொள்ளலாம்.

இதை ஆடுகிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்களாம். சும்மா ஆடினால் அவர்களுக்குப் போதவில்லை. தங்களுக்குத் தாங்களே நிபந்தனை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு தீவை வைத்துக்கொண்டு உலகத்தையே பிடிப்பேன் என்பார். இன்னொருவர் எந்தச் சண்டையும் போடாமல் கடைசி வருடம் வரை வருவேன் என்பார். என் கணவர் போட்டுக்கொண்ட நிபந்தனை இரண்டு. மலாக்கா போர்த்துக்கல் பறங்கியர் கையில் விழக்கூடாது. நாமாக யார் மீதும் சண்டையை ஆரம்பிக்கக்கூடாது.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பறங்கியர் கப்பலில் வந்ததும் மலாக்கா விழுந்ததும் அங்கே படித்த ஞாபகம் இருந்தது. விழுந்த ஊரை எதற்கு இவர் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார் என்று மட்டும் விளங்கவில்லை. “மறுபடி போச்சு” என்று கூடத்திலிருந்து குரல் வரும். நான் தேநீர் கொண்டுபோய் வைப்பேன். அந்த விளையாட்டோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். பேச்சு மெல்ல மெல்ல வந்தது. வலது கை வரவில்லை. பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் மாமா முறை வைத்துத் தன்மையாகத்தான் அவரிடம் சொன்னாள்: “பாக்சிக், தினமும் இரண்டு மணி நேரமாவது நாற்காலியில் நிமிர்ந்து உட்காரணும். படுத்தே இருந்தால் இருக்கிற பலமும் போய்விடும்.”

வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். சாப்பாட்டுக்குத் தூக்கி உட்கார வைத்தால் பத்து நிமிடம், பிறகு மறுபடி சுவர். கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். எனக்குக் கோபிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டேன்.

“என்னங்க, அந்த மலாக்கா என்னாச்சு?”

“விழுந்துருச்சு.”

“மறுபடி எடுக்கலாமுல்ல?”

“எந்தக் கையால எடுக்க?”

“என் கை இருக்கே.”

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “நீயா? உனக்கு மௌஸ் புடிக்கத் தெரியுமா?”

“பதினஞ்சு வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன கை. இதப் புடிக்காதா?”

“சரி, இங்க கொண்டா.”

“கட்டிலுக்கு வயர் எட்டாதுங்க. கூடத்துக்கு நீங்கதான் வரணும்.”

அது பொய். வயர் எட்டும்.

நாற்காலிக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. வரைபடம் வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இதான் கடைசித் தடவ. இதுவும் விழுந்துச்சுனா மூடி அலமாரில வச்சிரு. என்னையும் கட்டில விட்டு இழுக்காத.”

சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படி ஆள். மலாக்கா விழுந்தால் எனக்கென்ன, நின்றால் எனக்கென்ன. அவர் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும். அது விழாமல் இருந்தால்தான் இவர் உட்காருவார். நான் அந்த ஊரைக் காப்பாற்ற உட்கார்ந்தது இப்படித்தான்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஆடினோம். அவர் சொல்வார், நான் அழுத்துவேன். ஆங்கிலம் அவர் படித்துச் சொல்லவேண்டும். எனக்குப் பச்சை ‘சரி’, சிவப்பு ‘வேண்டாம்’ என்று பழக்கிக் கொடுத்தார். முதல் வாரம் கப்பலையெல்லாம் தெரியாமல் ஜாவாப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

“எங்க போறானுங்க நம்ம ஆளுங்க?”

“தெரியலயே. நீங்கதான் இந்தப் பக்கம்னீங்க.”

“அந்தப் பக்கம்னேன். வாய் கோணிட்டா சொல்றதும் கோணிடுமா?”

இரண்டாவது வாரம் திரையில் ஒரு கேள்விக் கட்டம் வந்து நின்றது. நீரிணைக்கு அக்கரையில் உள்ள பாசாய் நாடு நமக்குக் கூட்டாளி. அவர்களை யாரோ அடிக்கிறார்கள், துணைக்கு வரச் சொல்லி அழைக்கிறார்கள்.

“சிவப்ப அழுத்து,” என்றார்.

“கூப்பிடுறாங்களேங்க.”

“அவன் சண்ட அவனுக்கு. நம்ம ஆளு எதுக்குச் சாகணும்? பறங்கிக்காரன் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் சேத்து வைக்கணும்லா.”

அழுத்திவிட்டேன். அன்று முழுக்க எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.

நான் நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அங்கே ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் ஆள் வந்து வாசலில் சொல்லிவிட்டுப் போகும். சொன்ன பிறகு போகாமல் இருக்கக்கூடாது. போகாதவர்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நம் வீட்டில் ஒன்று நடக்கும்போதுதான் தெரியும், முற்றம் காலியாகக் கிடக்கும். கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. ஆனாலும் போவேன். நேராகப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வார்த்தை பேசாமல் நாற்பது கல்யாணத்துக்கு வெங்காயம் உரித்திருக்கிறேன். டவுனுக்குக் குடிவந்த பிறகும் அப்படித்தான். இவர் வரமாட்டார். “வீட்டுக்கு ஒரு ஆள் போனா போதும்லா” என்று சொல்லிவிட்டு வரைபடத்துக்குத் திரும்பிவிடுவார்.

பறங்கியர் வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. நடுவில் ஒன்றும் நடக்காத வருடங்கள். மத்தியானம் அவர் தூங்கும்போது விளையாட்டில் நாட்களை மட்டும் ஓட விடச் சொன்னார். “எதையும் அழுத்தாத. ஏதாவது கட்டம் வந்தா சிவப்பு. அவ்வளவுதான்.”

முதல் நாளே பாசாய் மறுபடி அழைத்தது. போன தடவை வேண்டாம் என்று சொல்லியும் மறுபடி வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். அறைக்குள் அவருடைய குறட்டை. நான் பச்சையை அழுத்திவிட்டேன்.

தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தேதான் செய்தேன். கப்பல்கள் போயின, சண்டை போட்டன, கொஞ்சம் குறைவாகத் திரும்பி வந்தன. அடுத்து இன்னொரு கூட்டாளியான புருணை அழைத்தது. பாசாய்க்குப் போய்விட்டு இவர்களுக்குப் போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்? அனுப்பினேன். பிறகு கிழக்கே மக்காசார். அது எவ்வளவு தூரம் என்பது கப்பல்கள் போய்ச் சேர்வதற்குள்தான் எனக்கே தெரிந்தது. அப்போதும் திரும்பக் கூப்பிடவில்லை. பாதி வழியில் திரும்பி வருவது வராமல் இருப்பதைவிட மோசம்.

அவருக்குத் தெரியாமல் எத்தனை நாள் மறைக்கமுடியும்? ஒரு காலை படைக் கணக்கைத் திறக்கச் சொன்னார்.

“என்ன இது? பாதி ஆளக் காணோம்?”

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

“உன்னத்தான் கேக்குறேன். எங்க போனானுங்க?”

“மக்காசார்ல ஒரு சண்டைங்க.”

“மக்காசாரா! நமக்கும் மக்காசாருக்கும் என்ன?”

“கூப்பிட்டாங்க.”

“கூப்பிட்டா போயிருவியா? கல்யாண வீடா அது, தலயக் காட்டிட்டு வர்றதுக்கு?”

கட்டிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றும் மறுநாளும் எழுந்திருக்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து போட்ட இடத்திலேயே கிடந்தது. இருந்த ஒரே கயிற்றையும் நானே அறுத்துவிட்டேன் என்று சமையலறையில் நின்று அழுதேன். ஆனால் அந்தப் பச்சையை மறுபடி அழுத்துவாயா என்று என்னையே கேட்டுக்கொண்டால், அழுத்துவேன் என்றுதான் வந்தது. அது இன்னும் வருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் லேப்டாப்பைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடலாம் என்று திறந்தேன். கை தவறி நாட்களை ஓட விட்டுவிட்டேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, வரைபடத்தின் மேற்கே கடலில் புதுக் கொடி போட்ட கப்பல்கள். அந்தக் கொடியை நான் நான்கு முறை தேநீர் வைக்கப் போனபோது பார்த்திருக்கிறேன்.

“என்னங்க, பறங்கிக்காரன் வந்துட்டான்!”

அறைக்குள், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒற்றைக் கை வாக்கர் தரையில் தட்டும் சத்தம். தானாக எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு கூடம் வரை வந்துவிட்டார். நாற்காலியில் தொப்பென்று விழுந்து திரையைப் பார்த்தார்.

“நிறுத்து. எத்தன கப்பல்?”

எண்ணிச் சொன்னேன்.

“நம்மகிட்ட?”

அதையும் சொன்னேன்.

“போச்சு,” என்றார். கோபமில்லாமல், தினமும் சொல்கிற மாதிரி சொன்னார். “கூட்டாளிய கூப்பிடுற இடத்த வேணும்னா தொறந்து பாரு. ஒருத்தனும் வரமாட்டான். நாலு தடவையும் வரிசையா சிவப்புதான்.”

திறந்தேன். பாசாய் பச்சை. புருணை பச்சை. மக்காசாரும் பச்சை.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எல்லாரும் வர்றானுங்களா?”

“நாம போனோம்ல,” என்றேன்.

அந்தச் சண்டை இரண்டு காலை நடந்தது. பறங்கியர் இறங்கி ஊரைச் சுற்றி வளைத்தார்கள். கோட்டைச் சுவர் ஓர் இடத்தில் உடைந்தது. பாசாய்க் கப்பல்கள் முதல் மாதமே வந்தன. புருணை அடுத்து. மக்காசார் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். வெறும் எண் என்று அவர் சொன்னாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கட்டம் வந்தது. படித்துப் பார்த்தார். பறங்கியர் எதுவும் வாங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போகச் சம்மதிக்கிறார்கள்.

“பச்சைய அழுத்து,” என்றார். அப்போது மணி பன்னிரண்டரை. அவர் ஒரு தடவைகூடப் படுக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

சோறு போடும்போது சொன்னார்: “நீ பண்ணது தப்புதான். நம்ம கப்பல் மக்காசார்ல இருக்கும்போது அவன் வந்திருந்தா?”

“வரலையே.”

“வந்திருந்தா?”

“வந்திருந்தா அலமாரிதான்.”

பாதி வாய்தான் சிரித்தது. அதுவே போதும் என்றிருந்தது எனக்கு.

மீதி முந்நூறு வருடத்தை ஆடி முடிக்க எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. நடுவில் டச்சுக்காரர்கள் வந்தார்கள், பஞ்சம் வந்தது, ஒரு பைத்தியக்கார ராஜாவும் வந்தார். கடைசி வருடம் மலாக்கா அதே நிறத்தில் நின்றது. கொட்டும் இல்லை, மேளமும் இல்லை, ஒரு பட்டியல் வந்து நின்றுவிட்டது. அவர் அதைப் படமெடுத்து, இதை ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் போடச் சொன்னார். எங்கெங்கிருந்தோ கேட்டார்கள், எப்படிக் கூட்டாளிகள் எல்லாரும் வந்தார்கள் என்று.

“அது என் வேல இல்ல. நீயே சொல்லு,” என்றார்.

ஒரு தாளில் தமிழில் எழுதினேன்: ‘அழைத்தபோதெல்லாம் போனோம். தூரம் பார்க்கவில்லை.’ அவர் அதை இடது கை விரலால் ஆங்கிலத்தில் அடித்தார். அதற்கே அரைமணி நேரம். நிறையப் பேர் மெச்சியிருந்தார்கள். ஒருவர் மட்டும், அப்படியே செய்து பார்த்து எட்டே வருடத்தில் அழிந்துபோனேன் என்று எழுதியிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று காலை நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். வாக்கர் ஓரமாக நின்றது. மடியில் ரப்பர் பந்து. வலது கையின் மூன்று விரல்கள் அதைப் பற்றியிருந்தன, கொஞ்சம் அழுத்தமாகவே.

“இந்தத் தடவ மக்காசார் எடுப்போம்,” என்றார். “நிபந்தனைய நீ போடு.”

மீன் பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். “ஆளு சாகக்கூடாதுங்க.”

“அப்படி ஒரு ஆட்டமே கெடையாதுலா!”

“பாப்போம்.”

“ஏழு சண்ட வரும். தாங்க மாட்ட.”

“மொதல்ல மாத்திரையப் போடுங்க.”

“அதெல்லாம் போட்டாச்சு. உக்காரு.”

மீனைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.