பிடிக்க ஆள் இல்லாத ரத்தம்

சங்கரலிங்கம் சார் தவறிவிட்டார் என்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத் தகவல் வந்தபோது நான் நம்பவில்லை. முந்தைய நாள்தான் எங்கள் கல்லூரியில் அவருடைய விலங்கியல் துறை வாசலில் நின்று என் புது மூக்குக்கண்ணாடியைக் கிண்டலடித்தார். எதனால் என்று கேட்டேன். "காய்ச்சலாம் சார், அம்மை போட்டிருந்துச்சாம்" என்றார் கல்லூரி எழுத்தர். அவருக்குக் காய்ச்சல் என்றாலே வேறு அர்த்தம்.

சில வருஷங்களுக்கு முன் கழுகுமலைச் சாலையில் அவர் வந்த பஸ் கவிழ்ந்தது. நசுங்கிய மண்ணீரலை மதுரையில் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் தன் உடம்பையே பாடமாக்கினார். ஒருமுறை நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

"சில பாக்டீரியா சர்க்கரை உறையைப் போத்திக்கிட்டு வரும். வெள்ளையணு பிடிக்கப் போனா வழுக்கும். நம்ம ரத்தத்துல பிறவியிலேயே சில புரதங்க இருக்கு. அதுங்க உறை மேல ஒட்டி, இவன்தான் திருடன்னு அடையாளம் போடும். அவன வடிகட்டிப் பிடிக்கிற முக்கியமான இடம் மண்ணீரல். என் ரத்தத்துல அடையாளம் போட ஆள் இருக்கு, பிடிக்கத்தான் ஆள் இல்ல."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் கிருமிகொல்லி மாத்திரை வைத்திருப்பார். "காய்ச்சல் அடிச்சா எனக்கு நேரம் கெடையாது வே. இதப் போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்பார்.

என் கண்ணாடியைக் கிண்டலடித்த அன்று சாயங்காலம் குளிரில் நடுங்கியபடி வீடு வந்தவர், சட்டையைக் கழற்றிப் போட்டதோடு நினைவு தப்பிவிட்டார். காலெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். பங்குனி வெயில், தெருவில் ஏற்கெனவே அம்மை. அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று மாத்திரையோடு சட்டையை வெளியே கொடியில் போட்டுவிட்டார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துஷ்டி கேட்க அவர் வீட்டுக்குப் போனபோது அந்தம்மா என்னைப் பார்த்து அழுதார். "மண்ணீரல் குடல்வால் மாதிரிதான், இல்லாட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொன்னாவ அண்ணாச்சி. ஊருக்கெல்லாம் சொன்னத எனக்கு ஏன் சொல்லல?"

வந்திருந்த மாணவர்கள் அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள். மனைவி பயந்துவிடுவார் என்று சார் மறைத்திருக்கிறார். கிடத்தியிருந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"வகுப்புல சொன்னத எனக்கும் சொல்லுங்க" என்றார் பேச்சியம்மாள். சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"அப்ப அது அம்மை இல்லையா?"

"இல்லம்மா. கிருமி ரத்தத்துல பெருகி, தோலுக்கடியில ரத்தம் கசிஞ்ச புள்ளி அது."

அவர் எழுந்து, வாசலில் நின்ற பெண்களை உள்ளே கூப்பிட்டார். "இவியளுக்கும் சொல்லுங்க அண்ணாச்சி."

தன் வீட்டில் சங்கரலிங்கம் ஒருநாளும் நடத்தாத பாடத்தை அவர் தலைமாட்டில் நின்று நடத்தினேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். காய்ச்சலோடு கருஞ்சிவப்புப் புள்ளி என்று காதில் விழுந்தால் இப்போதெல்லாம் பாதிச் சோற்றில் எழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப அந்த வீட்டுக்குப் போகிறேன். சில வீடுகளில் வேப்பிலையைத் தாண்டி என்னை உள்ளே விடுவதில்லை.