பேலன்சருக்கு வைத்த பொட்டு

உங்கள் அம்மா முதன்முதலாகக் கார் ஓட்டிய கதையை நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறீர்கள். முந்தின நாள் மாலை நீங்கள் பந்து விளையாடப் போய்விட்டீர்கள். பாதிக் கதை அப்போதுதான் நடந்தது. அதனால் அப்பா நான் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்த வாரம் அது. தேயிலை மலையில் வேலை செய்துகொண்டே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கெழம காலையில பிரிஞ்சாங் பாசாருக்குச் சாமான் வாங்க நான்தான் காடி ஓட்டப் போறேன். நாலு பேரு வரலாம். எங்க காடி சத்தம் கேட்டதும் வந்துடுங்க."

நம் கார் சத்தம்தான் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்ததாயிற்றே. கிளம்பும்போது 'கீஈஈச்' என்று அப்படி ஒரு கத்தல். பக்கத்து வீட்டு அத்தை அதைக் கேட்டுத்தான் அடுப்பில் உலையே வைப்பார். அவர் விடுவாரா?

"லைசென்ஸ் ஒனக்கு, தள்றது நாங்களா?"

எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "ஞாயித்துக்கெழம காடி நடுவழியில நின்னுச்சுன்னா, அப்புறம் நான் மலைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றாள். அன்று எனக்குக் கிடைத்த தேத்தண்ணியில் சீனி இல்லை.

கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் உங்கள் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு மச்சான். பேலன்சருதான் போச்சு. பாருங்க, கல்யாண வீட்டுல தண்ணி போட்டவன் மாதிரி தள்ளாடுது."

பேலன்சர் என்றால் என்னவென்று கேட்பீர்கள். என்ஜினுக்கு முன்னால், சுற்றும் தண்டின் நுனியில் ஒரு சக்கரம் இருக்கும். உள்ளே ஓர் இரும்பு, வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் ரப்பர். என்ஜின் உதறும்போது அந்த உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். நீங்கள் சண்டை போடும்போது நடுவில் நான் வந்து உட்காருவேனே, அந்த வேலைதான். ரப்பர் கெட்டுப்போனால் வெளி வளையம் ஆடும், அதன்மேல் ஓடும் பெல்ட் கத்தும்.

சனிக்கிழமை மத்தியானம் புதுசை வாங்கி வந்தேன். துடைத்து, பழைய பேப்பர் மேல் வைத்துவிட்டு, சாமான் பெட்டியை எடுக்கப் பின்னால் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விளிம்பில் அழகாக ஒரு சிவப்புப் புள்ளி.

"பாத்தியா மாப்ள, நல்ல கடை. டைமிங் மார்க்கு போட்டே குடுத்திருக்கான்."

"ஆமா லா," என்றார் மாமா.

மாட்டுவதில் ஒரு விஷயம் உண்டு. இதைச் சுத்தியால் தட்டவே கூடாது. தட்டினால் புது ரப்பரும் போச்சு, தண்டும் போச்சு. தண்டில் இருக்கும் சின்ன இரும்புத் துண்டு சக்கரத்தின் பள்ளத்தில் நேராக உட்கார வேண்டும். எண்ணெய் தடவி, நீள போல்ட்டைப் போட்டு, நட்டைத் திருகித் திருகி மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். கடைசியில் அதன் சொந்த போல்ட்டை முறுக்கும்போது என்ஜின் கூடவே சுற்றாமலிருக்க, கியரைப் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் சீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, பிரேக்க உட்டுறாத!"

"எனக்குத் தெரியும். லைசென்ஸ் யாருகிட்ட இருக்கு?"

ஸ்டார்ட் செய்தோம். கத்தல் இல்லை. அடுப்பில் பால் காய்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனாள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

மாமாவிடம் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பார்க்கும் விளக்கு இருந்தது. என்ஜின் வேகத்துக்கே மின்னுவதால், சுற்றுகிற சக்கரத்தின் மார்க் அதில் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும். அடித்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி எங்கோ நின்றது. அதை என்ஜினில் இருக்கும் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். கார் இருமியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். 'டப்' என்று ஒரு வெடி, கரும்புகை, நின்றுவிட்டது. அப்புறம் எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் செருமலோடு சரி.

தேத்தண்ணியோடு வந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லாத்தான ஓடுச்சு? என்ன பண்ணீங்க?"

"இந்தா, இந்த சிவப்பு மார்க்குக்கு நேரா வைக்கணும்…"

அம்மா குனிந்து பார்த்தாள்.

"அய்யோ, அது நான் வச்ச பொட்டுங்க!"

புது சைக்கிளோ புதுக் கத்தியோ, வீட்டுக்கு எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாளே. நான் பின்னால் போன நேரத்தில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறாள்.

மாமா மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், சாமிக்கா டைமிங் வைக்கிறீங்க?"

சக்கரத்தின் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினேன். உண்மையான மார்க், நகத்தால் கீறியது போல அடியில் ஒளிந்திருந்தது. அதன்படி வைத்ததும் மறுபடி பால் காயும் சத்தம். பொட்டை அழிக்க அம்மா விடவில்லை. மார்க்குக்கு நான் வெள்ளை பெயிண்ட் தடவினேன். சிவப்பு சாமிக்கு, வெள்ளை எனக்கு.

மறுநாள் காலை அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு காரை வாசலில் ஸ்டார்ட் செய்து காத்திருந்தாள். நாமும் வரிசையாக நின்றோம். ஒருவரும் வரவில்லை. பனிதான் வந்தது.

"பயந்துட்டாங்களா? என்னை நம்பலையா?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏ புள்ள, சத்தம் கேட்டா வரச் சொன்ன. சத்தம் எங்க இருக்கு? ஹாரனை அடி!"

அடித்தாள். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. பாதி வாரிய தலையோடு அத்தை ஓடி வந்தார். "என்னாடி, காடி ஓடுதா? ஓடுறதே தெரியல!"

நாலு பேர் ஏறினார்கள். நானும் ஏறப் போனேன்.

"எடமில்லங்க," என்றாள் அம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

கார் சத்தமில்லாமல் வளைவில் மறைந்தது. நாம் வீட்டுக்குள் திரும்பும்போது, பையும் கையுமாகத் தன் வாசலில் நின்றிருந்த கடைசி வீட்டு அக்கா கேட்டார்: "என்னண்ணே, காடி இன்னும் கெளம்பலையா?"