வாப்பாவுக்கு நான் எழுதிய ஏழ்மை

அன்று வீட்டில் இருந்தது உம்மா மட்டும்தான். வாப்பா கல்முனைக்குடியில் எங்கள் கருவாட்டுக் கடையில் இருந்தார். எல்லாவற்றுக்கும் காரணமான நான் பார்சல் கட்ட டேப் வாங்கப் போயிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம். மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு, ஊரில் ஏழைகளுக்குச் சகாத் பங்கிடும் இரண்டு பேர் வந்து, உம்மாவிடம் ஓர் அரிசி மூட்டையும் காசு வைத்த ஒரு கவரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்களுடையது சகாத் வாங்கும் வீடல்ல. வருடந்தோறும் கொடுக்கிற வீடு.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் கடைக்கு முகநூல் பக்கம் தொடங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான். வியாபாரத்துக்கு எப்படி எழுதுவதென்று இணைய வகுப்பு ஒன்றிலும் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு பயிற்சி தந்தார்கள்: கடையில் உண்மையாக நடந்ததையும், அது மனதில் என்ன செய்தது என்பதையும் தினமும் பத்து நிமிடம் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள், உங்கள் குரல் அதிலிருந்துதான் வரும். எனக்கு அவசரம். அதை விட்டுவிட்டு, நிறைய லைக் வாங்கிய வேறு யாரோ ஒருவருடைய பதிவின் சாயலில் எழுதினேன்: "பசியோடு உறங்கிய இரவுகள் எத்தனையோ. இன்றும் எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் உண்டு. ஆனாலும் என் தந்தை தளரவில்லை."

வாப்பாவை நாங்கள் ஒருநாளும் தந்தை என்று கூப்பிட்டதில்லை. அடுப்பெரியாத நாளும் இருந்ததில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த வாப்பா மூட்டையைப் பார்த்தார். நானும் அதற்குள் திரும்பியிருந்தேன். "கடை நட்டத்தில போகுதாம், நீங்க மறைக்கிறீங்களாம். போன்ல பார்த்தாங்களாம்," என்றார் உம்மா.

வாப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பக்கம் திரும்பினார். "என்ன மகன் எழுதின? வாசி, கேப்பம்."

வாசித்தேன். அடுப்பெரியாத நாட்கள் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"நிப்பாட்டாத, வாசி."

முடித்ததும் வாப்பா கேட்டார்:

"நல்லாத்தான் இரிக்கி. இதுல வாற ஆள் ஆரு?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏழையா இரிக்கிறதுல வெக்கமில்ல மகன். ஆனா இது ஆரோ ஒரு இல்லாதவன்ட ஹக்கு, அவனுக்குச் சேர வேண்டிய பங்கு. அத நம்மட வீட்டுக்குள்ள எடுத்திட்டு வந்திட்டியே."

மூட்டையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டி, கவரையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுதியதெல்லாம் பொய் என்று அந்த இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் மூத்தவர் பெயர்கள் எழுதிய கொப்பியை விரித்தார். "இந்த முற ஒங்கட வாப்பாக்கிட்ட சகாத் கேக்கப் போகத் தேவல்லண்டு முடிவெடுத்திட்டமே தம்பி!" கொடுப்பவர்களின் பட்டியலில் வாப்பாவின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. வாங்குபவர்களின் பட்டியலில், கடைசியாக, அதே பெயர். வாப்பாவால் வாசிக்க முடியாத அந்தப் பெயரை நான் வாசித்தேன்.

பதிவை அழித்தேன். விட்ட பயிற்சியை அடுத்த நாள் கடையிலிருந்தே தொடங்கினேன். முதல் நாள் எழுதியது இவ்வளவுதான்: கருவாடு வாங்க வந்த ஒரு தாத்தாவிடம் வாப்பா, "சீலாவுல உப்பு கூடிட்டு, ஒங்களுக்குப் பிரஷர் வேற. வேணாம்," என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். எனக்கு அப்போது எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல்பட்டதற்கு வெட்கம் வந்தது. முந்திய பொய்க்கு மன்னிப்புக் கேட்டு இதைப் பக்கத்தில் போடும் முன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஓம்," என்றார், "இது நான்தான்."

இப்போதும் அந்தப் பழைய பதிவை நினைத்துக் கடைக்கு வரும் சிலர் விலை பேசாமல், பரிதாபப்பட்டு, மீதிக் காசை வேண்டாமென்று விட்டுப் போகப் பார்ப்பார்கள். வாப்பா எழுந்து போய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவார். அப்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வரும். கல்முனை முழுக்க அந்தப் பதிவு தெரியட்டும் என்று விளம்பரத்துக்கு நான் காசு கட்டியிருந்தேன். என் வாப்பாவை ஏழைகளின் பட்டியலில் சேர்க்க நானே கொடுத்த காசு, ஆயிரத்து ஐந்நூறு ரூபா.