நான் காப்பாற்றிய மயில் கோலம்

தீபாவளிக்கு முன் என் மனைவி கைப்பேசியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். விளக்கை உயரத்தில் வைக்க வேண்டும். மின்விளக்கு ஒயரைச் சுவரோடு ஒட்ட வேண்டும். ஜிகினாச் சரம் பூனைக்கு எட்டக்கூடாது. பூ கட்டிய நூல் கீழே கிடக்கக்கூடாது. அவள் முடிக்கும் முன்பே நான் சிரித்துவிட்டேன்.

"பூனைதானே லா," என்றேன். "மனுசப் பிள்ளைங்கள வளர்க்கவே நாம இவ்ளோ படிக்கல."

எங்கள் வீட்டில் நான் அடிக்கடி சொல்லும் வார்த்தை அது. பூனை சோபாவைக் கீறினாலும் சொல்வேன், பூனைக்குக் காய்ச்சல் என்று மனைவி கவலைப்பட்டாலும் சொல்வேன். விருந்தாளிகள் முன்னால் சொன்னால் கூடுதலாக ஒரு சிரிப்பு கிடைக்கும். கிழவர்களுக்கு அந்த மாதிரிச் சிரிப்பு போதும்.

அந்தப் பூனையை மனைவி கிள்ளான் பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓரத்தில் கண்டெடுத்தாள். துணிப்பையில் போட்டு கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, அவள் என்னிடம் பேசியதைவிட அதனிடம் பேசியதுதான் அதிகம். அதில் தவறில்லை. பதில் சொல்லும்போது அது யாரையும் மட்டம் தட்டியதில்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும். பெயர்தான் பெரிது. பழைய சக ஆசிரியர்களும் அடுக்குமாடியில் இருப்பவர்களும் வந்து ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தின்றுவிட்டு, யார் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான் என்று ஒருவரை ஒருவர் அளந்துவிட்டுப் போவார்கள். அந்தக் கூட்டத்துக்காகத்தான் நான் கூடத்தின் நடுவில் வண்ண அரிசிக் கோலம் போடுவேன். மற்ற வீடுகளில் பெண்கள் போடுவார்கள். நான் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் அல்லவா, காம்பஸும் அடிக்கோலும் வைத்துப் போடுவேன். வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நிற்பேன். அடக்கம் எல்லாம் நடிப்பு.

அந்த ஆண்டு மயில். மனைவி அரிசிக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்துக் கொடுக்க, முதல் நாள் இரவே போட்டு முடித்தேன். விருந்தன்று காலையில் பார்த்தால், பூனை மயிலின் தோகைமேல் சுருண்டு படுத்திருந்தது. அதன் பாதம் நான்கும் நீலம்.

"மயிலுக்கு இன்னொரு வாலு முளைச்சிருச்சு," என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பூனையைத் தூக்கிப் பொருள் வைக்கும் அறையில் அடைத்தேன்.

"என்னங்க, அங்க தரையில ஜிகினா பை கெடக்கு. மொதல்ல அத எடுங்க."

"எடுத்துட்டேன்," என்றேன்.

எடுக்கவில்லை. நான் முழங்காலில் உட்கார்ந்து தோகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். விருந்தாளிகள் வரும் நேரம். பூனையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வழியை அவள் படித்துக் காட்டினாள். நான் அரிசியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கூட்டம் சேர்ந்ததும் நாற்காலி போதவில்லை. எடுக்க அந்த அறைக்குள் போனேன். பூனையின் வாயிலிருந்து தங்க நிற ஜிகினாச் சரம் ஒன்று தொங்கியது. மீதியை அது விழுங்கிக்கொண்டிருந்தது. நான் சரத்தைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. பிறகு இறுகியது. இன்னும் பலமாக இழுத்தேன். அறுந்துவிட்டது. பூனை ஒரு சத்தம் போட்டது. அறுந்த துண்டை ஜிப்பா பைக்குள் திணித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"சார், கையால போட்டதா? மெஷின்ல அடிச்ச மாதிரி இருக்கு லா," என்றார் ஒருவர்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பூனை வாந்தி எடுத்தது. சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விருந்து முடிந்து பூனையை வெளியே விட்டபோது, கிள்ளானிலிருந்து வந்திருந்த மனைவியின் தங்கை அதற்குக் கோழித் துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள். மனைவி அவளைத் தொலைபேசியில் அழைத்து, "எலும்போட போட்டியாடி? ஒனக்கு அறிவில்ல?" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நான் பக்கத்திலேயே நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுங்கை வே பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் பூனையின் நாக்கைத் தூக்கி, அடியில் நூல் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. நான்தான் அறுத்திருந்தேனே.

"நூல், ரிப்பன், ஜிகினா மாதிரி எதாச்சும் முழுங்கியிருக்குமா?"

"சான்சே இல்ல டாக்டர். இவரு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்துட்டாரு," என்றாள் மனைவி.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு பூனை தண்ணீரும் குடிக்கவில்லை. மறுபடியும் காரில் கொண்டுபோகும்போது, மனைவி மடியில் இருந்த கூடைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். அப்போதுதான் சொன்னேன். பை, சரம், நான் இழுத்தது, எல்லாம். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தடவ ஆரம்பித்தது.

அறுவை சிகிச்சை செய்த பிறகு மருத்துவர் சொன்னார்: சரத்தின் ஒரு முனை உள்ளே மாட்டிக்கொள்ள, குடல் முழுவதும் அதன்மேல் சுருக்குப்பை போலச் சுருங்கியிருந்தது. சரம் பல இடங்களில் குடலை அறுத்துவிட்டது. இழுத்திருக்கவே கூடாது. முதல் நாளே தெரிந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம். சிறுகுடலைக் கரும்பலகையில் மடிப்பு மடிப்பாக வரைந்து, எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

பூனை கண் விழிக்கவில்லை.

வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் மயில் ஓர் அரிசிகூடக் கலையாமல் கிடந்தது. மனைவி அதன்மேல் நடந்து உள்ளே போனாள். திரும்பி வந்து என் கைப்பேசியை நீட்டினாள்.

"என் தங்கச்சிக்கு நீங்களே சொல்லுங்க. நான் கேக்கணும்."

ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுச் சொன்னேன். உன் கோழித் துண்டு இல்லை, நான்தான் காரணம், உன்மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றேன். அவள் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே பேசினாள்.

"அட, விடுங்க அத்தான். பூனைதானே லா."

"அப்படிச் சொல்லாதம்மா."

"ஏன் அத்தான், நீங்க எப்பவும் சொல்றதுதானே?"

மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம், நான் சொல்வதுதான் என்றேன்.