அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

செவ்வாய்க்கிழமை காலை, மாதுங்காவில் நம் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இசக்கியக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாவ மேடம்" என்றாள். காய்ச்சல் என்று நான்கு நாள் விடுப்பில் இருந்தவர். வரிசை நின்றுகொண்டிருந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

பதினோரு வருடம் நம் வார்டுகளைத் துடைத்தவரை, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் படித்தது பலருக்குத் தெரியாது. நோயாளிப் பராமரிப்பில் சான்றிதழ் இருந்தால் வார்டு உதவியாளர் வேலை கிடைக்கும் என்றார்கள். ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் இலவச இணைய வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். "வெள்ளக்காரி பேசுதா, அடியில தமிழ் ஓடுது. எந்தெந்த ஊர்க்காரங்களோ நம்மகூடப் படிக்காவ மேடம்" என்பார். முதல் வாரம் வகுப்பின் அரட்டைப் பக்கத்தில் உலகமே வணக்கம் சொன்னது. மூன்றாம் மாதம் அங்கே ஈயாடியது. அக்கா மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

பாடம் முடிந்து தேர்வு வந்தது. காமிரா முன்னால் ஒரு மணி நேரம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. தாராவியில் அவர் வீடே ஓர் அறை, அதில் ஆறு பேர். முதல் முறை மாமியார் தண்ணீர் மொள்ளக் குறுக்கே வந்தார், தேர்வு நின்றுபோனது. இரண்டாவதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்குச் சந்தே ஒத்துழைத்தது. பக்கத்துப் பட்டறையில் தையல் மெஷின்களை நிறுத்தினார்கள், குடும்பம் வெயிலில் போய் நின்றது. இருபதாவது நிமிடம் திரையில் எழுத்து வந்தது: அறையில் இன்னொருவர் இருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்டிருந்த கணவரின் படம்தான் அந்த இன்னொருவர்.

மறுநாள் வேலைக்கு வந்தபோது அக்கா சொன்னார்: "அந்த மனுசன் இருந்தப்பவும் என்னய ஒரு வேல செய்ய விட்டதில்ல மேடம்." இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அது படம் என்று விளக்கி மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில்: முதலிலிருந்து மறுபடி சேரலாம், இலவசம். உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறார்களாம், உள்ளே பதில் சொல்ல ஓர் ஆள் கிடையாது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அக்கா மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். இனி எதற்கு என்று கேட்டேன். "பாதியில விட்டா மனசு கேக்காதுல்லா" என்றார். போகும்போது ஐந்தாவது பாடத்தில் இருந்தார்.

இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். செம்பூரில் என் வீட்டில் மகனின் அறை காலியாகவே கிடக்கிறது. அவன் புனேயில் இருக்கிறான். மேசை, நாற்காலி, உள்தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. முதல் தேர்வு நின்ற அன்றே அந்த அறை எனக்கு நினைவு வந்தது. வார்டு துடைப்பவரை வீட்டுக்குள் உட்காரவைத்தால் என்ன சொல்வார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கும் அந்த அறையைப் பற்றித் தெரியும், நான்தான் ஒருமுறை சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை, நான் தரவில்லை. அந்த ஒரு மணி நேரம் என்னிடமே இருக்கிறது.